பேஷண்ட் கூட யாரு வந்திருக்கா? – மாரிஸ் ஸ்டோக்ஸின் கதை

சாயங்காலம் நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் கோர்ட்டில் நிற்கிற கூட்டத்துக்கு ஜோர்டானைத் தெரியும், கோபியைத் தெரியும். கர்ரியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாங்க. மாரிஸ் ஸ்டோக்ஸ் யாருன்னு கேட்டால் பாதிப் பேர் முழிப்பாங்க. அமெரிக்காவின் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் பேர் இருக்கிற ஆள் இவர். ஆனா என்.பி.ஏ.யில் ஆடியது மொத்தமே மூணு சீசன்தான். மூணாவதான 1957-58 சீசன்தான் கடைசி. அப்போ அவருக்கு வயசு 24. ஃபைனல் இயர்ல இருக்கிற நம்மைவிட மூணு வயசுதான் கூட.

1933 ஜூன் 17-ம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ரேங்கின் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அருப்புக்கோட்டைக்குத் தறியும் ஸ்பின்னிங் மில்லும் எப்படியோ, அந்த ஊருக்கு எஃகு ஆலை அப்படி. அவரோட அப்பாவும் எஃகு ஆலைத் தொழிலாளிதான். ஸ்கூல் டீமில் முதல் ரெண்டு வருஷம் ஸ்டோக்ஸுக்கு ஆரம்ப ஐந்து பேரில் இடமே கிடைக்கவில்லை. அடுத்த ரெண்டு வருஷத்தில் அதே டீமின் முக்கியமான ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

பெரிய யுனிவர்சிட்டி எதிலும் அவர் சேரவில்லை. லொரெட்டோ என்கிற ஊரில் இருந்த செயின்ட் பிரான்சிஸ் என்ற சின்ன காலேஜில் படித்தார். 1955-ல் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டிக்கு அந்தக் காலேஜ் போனது. நாலாவது இடம்தான் கிடைத்தது. ஆனா போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, ஜெயித்த டீமில் யாருக்கும் கொடுக்காமல் ஸ்டோக்ஸுக்குக் கொடுத்தார்கள். சின்ன ஊர் காலேஜில் படிக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் வரத்தானே செய்யும்?

அதே வருஷம் டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ராச்செஸ்டர் ராயல்ஸ் டீம் அவரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே 32 பாயிண்ட், 20 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருது அவருக்குத்தான். அடுத்த சீசனில் மொத்தம் 1,256 ரீபவுண்ட் எடுத்தார். அதுவரைக்கும் லீக்கில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

பாஸ்கெட்பால் ஆடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்தைத் தாவிப் பிடிப்பது ரீபவுண்ட். பாயிண்ட் விழுகிற மாதிரி கூட்டாளிக்குப் பந்தைக் கொடுப்பது அசிஸ்ட். முதலாவது உயரமானவங்க வேலை, ரெண்டாவது வேகமான சின்ன ஆட்களோட வேலை என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. ஸ்டோக்ஸ் ஆறடி ஏழு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல எடை. அந்த உடம்போட ரெண்டு வேலையையும் அவரே பார்த்தார். 1957-58-ல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியா 18.1 ரீபவுண்ட், லீக்கில் பில் ரசலுக்கு அடுத்த இடம். அசிஸ்ட்டில் மூன்றாவது இடம். இன்றைக்கும் இந்த மாதிரி ஆடுகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்போ என்.பி.ஏ. இன்றைக்கு இருக்கிற மாதிரி பெரிய கடல் இல்லை. எட்டே டீம், ஆளுக்கு 72 ஆட்டம். கறுப்பின ஆட்டக்காரர்கள் லீக்குக்குள் வந்ததே 1950-ல்தான். ராயல்ஸ் டீம் 1957-ல் ராச்செஸ்டரை விட்டு ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்துக்கு இடம் மாறியிருந்தது. அந்த சீசனில் 33 வெற்றி, 39 தோல்வி. ஆனாலும் பிளேஆஃப் போக அது போதுமானதாக இருந்தது.

1958 மார்ச் 12. ரெகுலர் சீசனின் கடைசி ஆட்டம், மினியாபோலிஸில். பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் ஒரு மோதலில் நிலை தவறி விழுந்தார். தலை தரையில் அடித்தது. நினைவு போய்விட்டது. மூக்கில் காட்டினால் மயக்கம் தெளிகிற உப்பை வைத்து எழுப்பினார்கள். எழுந்தார். திரும்பவும் ஆட்டத்துக்குள் போனார்.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. அன்றைக்கு அதை யாரும் பெரிய தப்பாக நினைக்கவில்லை. மண்டையில் அடிபட்டவரை உட்கார வை என்று சொல்ல லீக்கில் விதி இல்லை. எழுந்து நின்றாலே ஆடலாம் என்பதுதான் கணக்கு.

மூணு நாள் கழித்து, மார்ச் 15, டெட்ராய்ட்டில் பிளேஆஃப் முதல் ஆட்டம். அதிலும் ஆடினார். 12 பாயிண்ட், 15 ரீபவுண்ட். ராத்திரி ஊர் திரும்புகிற விமானத்தில் உடம்பு ரொம்ப முடியாமல் போய், வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய்விட்டார். தலையில் பட்ட அடியால் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கோமாவிலிருந்து வெளியே வந்தபோது கை, கால் அசையவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் மூளைக்குள் எல்லாமே தெளிவாக இருந்தது. சுற்றி இருப்பவங்க பேசுவது கேட்கும், புரியும். பதில் சொல்லத்தான் முடியாது.

நம்ம ஊர்ப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போனவங்களுக்கு ஒரு கேள்வி தெரிந்திருக்கும். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து முதலில் கேட்பது, பேஷண்ட் கூட யாரு வந்திருக்கா என்பதுதான். கையெழுத்துப் போட, மாத்திரை வாங்க, ராத்திரி வராந்தாவில் படுக்க ஒரு ஆள் வேணும். ஸ்டோக்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் இருந்தது பிட்ஸ்பர்க் பக்கம். சொந்த பேங்க் பணத்தை எடுக்கக்கூட அவரால் கையெழுத்துப் போட முடியாது. ஆஸ்பத்திரிச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. லீக்கில் அப்போது பென்ஷன் திட்டமும் கிடையாது. அந்த வருஷமே டீமை முதலாளிகள் விற்றுவிட்டார்கள்.

அப்போது கூட வந்து நின்றவர் ஜாக் ட்வைமன். அதே டீமில் ஆடியவர், ஸ்டோக்ஸைவிட ஒரு வயது சின்னவர், வெள்ளையர். மனைவி, குழந்தை என்று குடும்பம் இருந்தது. சின்சினாட்டியிலேயே குடியிருந்தார். கோர்ட்டுக்குப் போய் ஸ்டோக்ஸுக்குச் சட்டப்படியான கார்டியன் ஆனார். 1958 அமெரிக்காவில், பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஸ்கூலில் படிக்க முடியாத காலத்தில், இது நடந்தது.

ட்வைமன் பண்ண ஒரு காரியத்தை நாம் குறிப்பா கவனிக்கணும். ஒஹாயோ மாநிலத்தின் தொழிலாளர் நஷ்டஈட்டுக்கு ஸ்டோக்ஸ் சார்பில் வழக்கை எடுத்துக்கொண்டு போனார். வாதம் ரொம்ப எளிமை. மில்லில் மெஷினில் கை மாட்டினால் அது வேலையில் பட்ட அடி. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர் ஆட்டத்தில் விழுந்தால் அதுவும் வேலையில் பட்ட அடிதானே? அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. நஷ்டஈடு கிடைத்தது. நம்ம நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. அருப்புக்கோட்டைத் தெருக்களில் மில் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இந்த விஷயம் ஒன்றும் புதுசு இல்லை. பார்க்க வந்தவங்க கைதட்டினாலும், ஆட்டக்காரரும் கூலிக்கு உடம்பைக் கொடுக்கிற தொழிலாளிதான் என்று ஸ்டோக்ஸ் வழக்கு காட்டியது.

அது மட்டும் போதவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கட்சர்ஸ் என்ற மலை விடுதியில் வருஷா வருஷம் ஸ்டோக்ஸுக்காக ஒரு நிதி ஆட்டம் நடந்தது. வில்ட் சேம்பர்லின் மாதிரி பெரிய பெரிய ஆட்களே அதில் வந்து ஆடினார்கள். இந்த அலைச்சலுக்கு நடுவில் ட்வைமன் தன் ஆட்டத்தையும் விடவில்லை. 1959-60 சீசனில் அவருடைய சராசரி 31.2 பாயிண்ட்.

ஆஸ்பத்திரியில் ட்வைமன் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சரியான எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண்ணைச் சிமிட்டுவார். ஒரு வாக்கியம் முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. வருஷக்கணக்கில் பிசியோதெரபி செய்து, விரல் அசைந்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். அடித்தது ட்வைமனுக்கு ஒரு நன்றிக் கடிதம். சிரமப்பட்டுக் கொஞ்சம் பேசவும் செய்தார். 1970 ஏப்ரல் 6-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 36. அவர் படித்த செயின்ட் பிரான்சிஸ் காலேஜ் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2004-ல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பேர் சேர்ந்தபோது அவருக்காக ட்வைமன் நின்றார். ட்வைமன் 2012-ல் இறந்தார். அடுத்த வருஷத்திலிருந்து சிறந்த டீம்மேட்டுக்கு ரெண்டு பேர் பெயரிலும் என்.பி.ஏ. விருது கொடுக்கிறது.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் நட்புக் கதையாகவே முடிப்பாங்க. ட்வைமன் பெரிய மனுஷன்தான், சந்தேகமே இல்லை. ஆனா எனக்கு இன்னொரு கேள்வி இருக்கு. அந்த டீமில் ட்வைமன் இல்லாமல் இருந்திருந்தால்? ஸ்டோக்ஸ் எடுத்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான ரீபவுண்டை லீக் கணக்கு வைத்திருந்தது. அவர் விழுந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. ஒரு நல்ல ஃபிரெண்ட் அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு டீமை நடத்தக் கூடாது.

தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை டாக்டர் சோதித்த பிறகே திரும்ப இறக்க வேண்டும் என்ற முறையான நடைமுறை என்.பி.ஏ.விலேயே 2011-12 சீசனில்தான் வந்தது. ஸ்டோக்ஸ் விழுந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

நம்ம இன்டர் காலேஜ் மேட்ச் எல்லாம் சிமென்ட் தரையில், மத்தியான வெயிலில் நடக்குது. விழுந்தவன் முகத்தில் தண்ணி தெளிச்சு, எந்திரிடா மச்சான் என்று தட்டிக் கொடுத்து உள்ளே அனுப்புவது நமக்குப் பழக்கம். அதனால் டீம் கேப்டன்களுக்கும் ஸ்போர்ட்ஸ் செகரட்டரிக்கும் மூணு விஷயம். தலையில் அடிபட்டால் அவன் எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை, நேரா டாக்டர்கிட்ட. அன்று ராத்திரி ஹாஸ்டல் ரூமில் அவனைத் தனியா விடக் கூடாது. வாந்தி, வலிப்பு, குழப்பமான பேச்சு எது வந்தாலும் உடனே 108-க்கு போன். டோர்னமென்ட் தொடங்கும் முன்னாலேயே, அடிபட்டால் செலவு யாருடையது, இன்ஷூரன்ஸ் இருக்கா என்று ஆபீஸில் எழுதி வாங்கணும். ஜெர்சிக்கு ஸ்பான்சர் தேடுவதற்கு முன்னால் இதை முடிச்சிடலாம்.