டயாஸ்கொரிடிஸ் என்னும் யவன மருத்துவர்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கீழைக் கடற்கரையில், காணுமிடமெல்லாம் உப்பளங்கள் பரந்து விளங்கும் மரக்காணம் பழம்பெருமை வாய்ந்த ஓர் ஊராகும். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். கி. பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் யவனர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்செலவு நூலிற் காணப்படும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் இவ்வூராகவே கொள்வர். அந்நூல் பொதுகே எனக் குறிக்கும் துறை, இதற்குத் தெற்கே புதுவையை அடுத்துள்ள அரிக்கமேடு ஆகும். 1945-ஆம் ஆண்டில் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த சாடியோடுகள், மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன் ஊறற்சாறும் மேனாட்டினின்று இக்கரைக்கு வந்தமையைப் புலப்படுத்துகின்றன. யவனர் உணவு இங்கு வந்திறங்கிய அந்நூற்றாண்டிலேயே, நம் நாட்டு மிளகும் திப்பிலியும் இஞ்சியும் யவனர் அடுக்களையிலும் மருந்துப் பேழையிலும் இடம்பெற்றன. அவற்றையெல்லாம் ஆராய்ந்து நூல் வகுத்த பெரியார் டயாஸ்கொரிடிஸ் என்பவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் பிறந்த ஊர் சின்ன ஆசியாவிலே சிலிசியா நாட்டிலுள்ள அனசார்பஸ் என்பது. அந்நாட்டுத் தலைநகராகிய தர்சு பட்டணம் அப்போஸ்தலராகிய பவுலின் பிறப்பிடம் என்பதை நம்மனோர் நன்கறிவர். பவுலும் டயாஸ்கொரிடிசும் ஒரே நாட்டினர், ஒரே நூற்றாண்டினர். தர்சு பட்டணத்து மருத்துவராகிய அரியூஸ் என்பாருக்கே இவர் தம் நூலை உரிமையாக்கினார். இளமை தொட்டே மருந்துப் பொருள்களை அறிவதில் தணியாத வேட்கை கொண்ட இவர், போர்வீரனுடைய வாழ்வை ஒத்த அலைந்து திரியும் வாழ்வினராய்ப் பல நாடுகளுக்குஞ் சென்று பூண்டுகளைத் தேடினார்.

இவருக்கு முன்னும் மூலிகை நூலெழுதினோர் பலர் இருந்தனர். அவருட் பலர் பிறர் கூறக் கேட்டவற்றையே எழுதிவைத்தனர். சிலர் எழுத்து வரிசையிற் பெயர்களை அடுக்கி, ஒரே தன்மையுடைய பொருள்களைப் பிரித்துவிட்டனர். டயாஸ்கொரிடிஸ் இவ்விரு முறையையும் வெறுத்தார். ஒரு செடியை முளைக்கும்போதும், பூக்கும்போதும், காய்க்கும்போதும் நேரிற் கண்டவனே அதனை அறிந்தவனாவான் என்பது இவர் கொள்கை. முளையை மட்டும் கண்டவன் வளர்ந்த செடியை அறியான். வளர்ந்ததை மட்டும் கண்டவன் முளையை அறியான். மூலிகையை வானம் தெளிந்த நாளிற் பறித்தல் வேண்டும் என்றும், மணமுள்ள பூக்களை ஈரமற்ற மரப்பேழையிலும், நீர்மருந்துகளை வெள்ளி, கண்ணாடி, கொம்பு ஆகியவற்றாலான கலங்களிலும், கொழுப்புக்களை வெள்ளீயக் கலத்திலும் வைத்தல் வேண்டும் என்றும் இவர் வரையறுத்தார்.

இவர் கிரேக்க மொழியில் இயற்றிய நூல் ஐந்து பகுதிகளை உடையது. ஏறக்குறைய 600 செடிகொடிகளின் உருவும் பயனும் அதன்கட் கூறப்படுகின்றன. உணவும் மருந்தும் வேறல்ல என்னும் நம் முன்னோர் கருத்து அந்நூல் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. சீரகத்தை எண்ணெயிலிட்டுக் காய்ச்சி வயிற்று வலிக்குப் பயன்படுத்தும் முறை அதில் உண்டு. புதினா, சதகுப்பை, சீரகம் என நம் ஆண்டவர் சுவிசேஷத்திற் குறிப்பிட்ட மூன்றும் அதே கிரேக்கப் பெயர்களோடு அந்நூலிற் காணப்படுகின்றன. மீனை உப்பிலிட்டு எடுத்த சாறு யவனர் உணவுக்குச் சுவையூட்டுவது. இவரோ அதனைப் பரவும் புண்களைக் கழுவும் மருந்தாகவுங் கூறுகின்றார். உப்பை எடுத்துக்கொண்டு, நிலத்தில் வெட்டியெடுக்கும் கல்லுப்பு வேறு, கடலுப்பு வேறு, உப்புநீர் வேறு எனப் பாகுபடுத்தி, ஒவ்வொன்றின் குணத்தையும் விளக்குகின்றார். உவர்நிலத்து வளரும் ஹாலிமோன் என்னும் செடியின் இலையைக் கீரையாகச் சமைத்துண்பதையும் எழுதியுள்ளார். மரக்காணத்து உப்பளக் கரைகளிலே செந்நிறம் பாய்ந்து தழைக்கும் உமரிக் கீரையை அறிந்தோர்க்கு இச்செய்தி இன்பம் பயக்கும்.

இத்துணை விழிப்புடைய இவரும் ஓரிடத்தில் தவறினார். அது நம் நாட்டுப் பொருள்களைப் பற்றியதே. மிளகு பசியை எழுப்பும், உணவைச் செரிப்பிக்கும், இருமலைத் தணிக்கும் என்று இவர் எழுதியது முற்றும் நம் வழக்கோடு ஒத்துள்ளது. ஆயின், திப்பிலியும் மிளகும் ஒரே மரத்தின் காய்கள். முதலில் நீண்ட திப்பிலியாய்த் தோன்றிப் பின்னர் மிளகாய் முதிரும். வெண்மிளகு முதிராத காய் என்றும் எழுதிவிட்டார். இரண்டும் வெவ்வேறு கொடிகள் என்பதையும், வெண்மிளகு பழுத்த மிளகின் தோலை நீக்கியது என்பதையும் இன்று யாவரும் அறிவர். இஞ்சி அரபு நாட்டுப்பக்கத்து விளைவதென்றும் கருதினார். இந்திய மண்ணை இவர் மிதித்தாரல்லர். எனவே, எதனைப் பிறரிடத்திற் கண்டித்தாரோ, அந்தக் கேள்வியறிவையே இவரும் ஈண்டு நம்ப வேண்டியதாயிற்று.

இதனினும் வியப்பானது பின்னர் நிகழ்ந்ததாகும். இவர் நூலின் பெருமை நாளுக்குநாள் வளர்ந்தது. ஏறத்தாழ 512-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து ஜூலியானா என்னும் அரசகுலப் பெருமாட்டிக்காக, ஏறக்குறைய 400 செடிகளின் வண்ணப்படங்களோடு எழுதப்பெற்ற ஏடு இன்றும் வியன்னா நகரில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டிலே பாக்தாத் நகரத்தில் ஸ்தேவானும் ஹுனைனும் ஆகிய கிறிஸ்தவ அறிஞர் இருவர் இந்நூலை அரபு மொழிக்குக் கொணர்ந்தனர். அவ்வழியே வளர்ந்த மருத்துவம் நம் நாட்டிற் புகுந்து, யவனம் என்னும் பொருள்பட யூனானி எனப் பெயர் பெற்றது. இவ்வாறு 1,500 ஆண்டுகளாகக் கற்றோர் இந்நூலைப் போற்றினர். போற்றியவர் பலர் ஏட்டைப் பார்த்தனரேயன்றிச் செடியைப் பார்த்தாரில்லை. அதனால் மிளகைப் பற்றிய தவறும் நூலோடு கூடவே வாழ்ந்தது. கோவாவில் வாழ்ந்த கார்சியா ட ஓர்ட்டா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர் 1563-இல் வெளியிட்ட நூலிலேதான், மிளகும் திப்பிலியும் வேறு வேறு என இங்கே நேரிற் கேட்டும் கண்டும் வற்புறுத்தினார். சுக்கு, மிளகு, திப்பிலி என மூன்றையும் தனித்தனியே எடுத்துத் திரிகடுகம் இடிக்கும் நம் பாட்டிமார் இதனை அதற்கு நெடுநாள் முன்பே அறிந்திருந்தனர். அவர்களைக் கேட்பார்தாம் இல்லை.

டயாஸ்கொரிடிசை மறுத்த ஓர்ட்டாவே அவருக்கு உண்மை மாணாக்கர் என்று நாம் கருதுகிறோம். ஆசிரியரின் சொல்லைக் காப்பது எளிது. அவர் சென்ற நெறியிற் செல்வது அரிது. தமிழ் பயிலும் நாம் நெய்தற்றிணைக்குரிய ஞாழல், அடும்பு, தாழை என்பவற்றைத் தேர்வுக்காக மனப்பாடஞ் செய்கிறோம். உமணர் உப்பு வண்டிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கடற்கரை மணலிற் படர்ந்த அடும்பங்கொடியைக் காட்டினால் பெயர் சொல்லக்கூடியவர் நம்முள் எத்துணையர்? எயிற்பட்டினத்தைப் பற்றி உரையாசிரியர் கூறுவதை அறிந்த நாம், மரக்காணத்து அளத்தில் உப்பு வாரும் பெண்மணி எந்தக் கீரையை எந்த நோய்க்கு ஆக்கி உண்கிறாள் என்பதைக் கேட்டறிந்ததுண்டா? அவள் அறிவு ஏட்டில் ஏறாதது; கேட்பாரின்றேல் அவளோடு மறைந்துபோவது. வரும் விடுமுறையில் நூலும் கையுமாக மட்டுமின்றி, கண்ணும் செவியும் திறந்தவராய் அக்கரையில் ஒருநாள் நடந்து வருவோமாயின், அனசார்பஸ் ஊர் மருத்துவருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவேயாகும்.