மூச்சை ஆராய்ந்த ஹால்டேன்

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பாவும் விஞ்ஞானி. விஷவாயுவை அறிய சுரங்கத்துக்குக் கானரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவர் அவர்தான்.

ஒருநாள் மகனையே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூட்டிட்டுப் போனார். நின்றபடி நாடக வசனம் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரத்துல பையனுக்கு மூச்சு வாங்கி, கால் மடங்கி விழுந்துட்டான். தரையில் கிடந்ததும் மூச்சு சரியாச்சு! மீத்தேன் லேசான வாயு, மேலேயே நிற்கும். நல்ல காற்று கீழே இருக்கும். (இப்படியும் ஒரு அப்பாவான்னு எங்கம்மா கேட்டாங்க.)

1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். காரணம் அறிய ஹால்டேன் தாமே மூடிய இரும்பு அறைக்குள் மணிக்கணக்காக அடைபட்டுக் கிடந்தார். அவரவர் விட்ட மூச்சே அங்கே விஷமாகிறது.

நம்ம தூத்துக்குடி துறைமுகத்துக்கும் நிலக்கரி, மரத்தடி வருது. கப்பலின் மூடிய சரக்கறையில் அவை ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வாசனையே தெரியாது. அங்கே தரையில் விழுந்தால் பிழைக்க முடியாது. எங்க சித்தப்பாவுக்கு அதில் இறங்குற வேலை. மீட்டர் வச்சுப் பார்த்தாங்களான்னு தினமும் கேட்கிறேன்.

ஹால்டேன் 1957இல் இந்தியா வந்தார். 1961இல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேஸ்வரில் காலமானார். அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது.