மகன் சொல் கேளாத மோட்டார் மன்னர்
ஹென்றி போர்டின் வாழ்க்கையும், ஒரு பிரேக்கின் கதையும்

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. அமெரிக்காவில் உள்ள டெட்ராய்ட் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. பாக்லி தெருவில் ஒரு வீட்டின் கொல்லைக் கொட்டகையில் மட்டும் விளக்கு எரிந்தது.

அங்கே ஒரு விசித்திர வண்டி நின்றது. நான்கு சைக்கிள் சக்கரங்கள். ஒரு சிறு பெட்ரோல் என்ஜின். குதிரை கிடையாது. இராக்கண் விழித்து அதைச் செய்து முடித்தவருக்கு வயது 32.

வண்டியை வெளியே கொண்டுபோகப் பார்த்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வண்டி பெரியது, கொட்டகையின் வாசலோ சிறியது!

அவர் கலங்கவில்லை. கோடரியை எடுத்தார். செங்கல் சுவரை இடித்தார். வண்டி தெருவுக்கு வந்து ஓடியது.

அவர்தான் ஹென்றி போர்டு. பிற்காலத்தில் மோட்டார் மன்னர் என்று உலகம் கொண்டாடியவர்.

அந்த வண்டியைத் திருப்புவதற்குப் படகின் சுக்கான் போல ஒரு கைப்பிடி இருந்தது. முன்னால் போக இரண்டு வேகங்கள் இருந்தன. பின்னால் போக வழியே கிடையாது. போர்டின் குணமும் ஏறக்குறைய அப்படித்தான். தடை வந்தால் இடித்துத் தள்ளுவார். முடிவு செய்துவிட்டால் பின்வாங்கமாட்டார். அந்தக் குணம் அவரைப் பெரும் செல்வராக்கியது. அதே குணம் அவருடைய ஒரே மகனின் மனத்தையும் நோகச் செய்தது.

குடியானவர் மகன்

போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். தகப்பனார் வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடியானவர். மகனும் ஏர் பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுவதில்தான் ஆசை.

1876-ம் ஆண்டு தாயார் இறந்தார். அதே ஆண்டில் ஒரு நாள், தகப்பனாருடன் வண்டியில் போகும்போது, ஒரு நீராவி என்ஜின் குதிரை இல்லாமல் தானாகவே சாலையில் உருண்டு வருவதைச் சிறுவன் ஹென்றி கண்டான். அந்தக் காட்சி அவன் மனத்தை விட்டு நீங்கவில்லை. 16-வது வயதில் பண்ணையை விட்டு டெட்ராய்டுக்குப் போய், இயந்திரப் பட்டறையில் தொழில் பழகினான்.

1888-ல் கிளாரா என்ற பெண்ணைப் போர்டு மணந்தார். 1891-ல் மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, தலைமை என்ஜினீயராக உயர்ந்தார். 1893-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி மகன் பிறந்தான். எட்சல் என்று பெயரிட்டனர். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

ஏழைக்கும் மோட்டார்

போர்டு தொடக்கத்தில் ஈடுபட்ட இரண்டு கம்பெனிகளும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1903-ல் தொடங்கிய போர்டு மோட்டார் கம்பெனிதான் நிலைத்தது.

அக்காலத்தில் மோட்டார் என்பது சீமான்களின் விளையாட்டுப் பொருள். அதைக் குடியானவனும் வாங்க வேண்டும் என்று போர்டு நினைத்தார். 1908-ல் டி மாடல் கார் வெளிவந்தது. விலை 850 டாலர். 1913-ல், வேலை செய்பவர் இருந்த இடத்திலேயே நிற்க, வண்டி நகர்ந்து வரும்படி தொழிற்சாலையை அமைத்தார். முன்பு ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது 93 நிமிடங்களே ஆயின! 1914-ல் தொழிலாளர்களுக்கு நாள் ஒன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அது அப்போதைய கூலியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விலை இறங்கிக்கொண்டே வந்தது. 1920-களின் நடுவில் 260 டாலருக்கே கார் கிடைத்தது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன.

குடியானவர்கள் அந்தக் காரைத் தங்கள் தேவைக்கு மாற்றினார்கள். பின்புறத்தை வெட்டி, மரப்பெட்டியைப் பொருத்தி, தானிய மூட்டையும் கோழிக்கூண்டும் ஏற்றினார்கள். அதைக் கண்ட போர்டு, 1925-ல் தாமே அப்படி ஒரு வண்டியைச் செய்து விற்றார். முன்னால் உட்கார இடம். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. விலை 281 டாலர். இன்று பிக்கப் என்று எல்லோரும் அழைக்கிறார்களே, போர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த வகை வண்டிகளில் முதலாவது அதுதான்.

நிறுத்துவது எப்படி?

வண்டி ஓடியது. ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டுமே!

டி மாடலில் காலால் மிதிக்கும் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குள் சுழலும் டிரம்மை ஒரு பட்டை இறுக்கும். அதனால் பின்சக்கரங்களின் வேகம் குறையும். இடையில் உள்ள அச்சு முறிந்துவிட்டால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. பின்சக்கரங்களைப் பிடிக்க ஒரு கைப்பிரேக் உண்டு. முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது.

வண்டிகள் மெதுவாகவும், சாலைகள் காலியாகவும் இருந்தவரை இது போதும். சாலைகள் சீராயின, வேகம் கூடியது, கூட்டமும் பெருகியது. பிறகு இது போதவில்லை.

1927 டிசம்பரில் போர்டு ஏ மாடலை வெளியிட்டார். அதில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தார். ஆனால் மிதியிலிருந்து சக்கரம் வரை எல்லாம் இரும்புக் கம்பிகள். மிதித்தால் கம்பி இழுக்கும். சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்கள் விரிந்து பிடிக்கும்.

இதில் ஒரு சங்கடம். நான்கு சக்கரங்களிலும் பிடி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் திணறுவார். ஆகவே அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

எண்ணெயின் பலம்

இதற்கு மாற்று ஏற்கனவே வந்துவிட்டது. ஒரு குழாயில் திரவத்தை நிரப்பி மூடி, ஒரு முனையில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா முனைகளுக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேரும். இது 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துக்காட்டிய உண்மை.

மிதிக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். சக்கரத்துக்கு ஒரு சிறு சிலிண்டர். இடையே பிரேக் எண்ணெய் நிறைந்த குழாய்கள். மிதித்தவுடன் நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் சமமாகப் பாயும். மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர் இந்த முறையை மோட்டாருக்கு ஏற்றபடி அமைத்தார். 1921-ல் டூசன்பெர்க் என்ற விலை உயர்ந்த காரிலும், 1924-ல் கிரைஸ்லர் காரிலும் அது வந்துவிட்டது.

போர்டின் மகன் எட்சல் இதைக் கவனித்தார். 1919 முதல் கம்பெனியின் தலைவர் அவர்தான். ஆனால் தலைவர் என்ற பட்டம் மகனிடம் இருந்தது. அதிகாரம் தகப்பனாரிடம் இருந்தது. எட்சல் சாதுவானவர், மரியாதை தெரிந்தவர். ஏ மாடல் காரின் அழகிய தோற்றத்துக்கு அவரே காரணம். எண்ணெய்ப் பிரேக்கைப் போர்டு கார்களிலும் வைக்க வேண்டும் என்று அவர் தகப்பனாரிடம் எடுத்துச் சொன்னார்.

தகப்பனார் ஒப்பவில்லை. எண்ணெய் ஒழுகும், குழாய் ஒன்று உடைந்தால் எல்லாப் பிரேக்கும் போய்விடும், இரும்புக் கம்பியை நம்பலாம், திரவத்தை நம்ப முடியாது என்பது அவருடைய வாதம். மிதி முதல் சக்கரம் வரை உருக்கு என்று கம்பெனி விளம்பரமும் செய்தது.

மற்றவர்கள் முன்னிலையிலேயே தகப்பனார் மகனை அடக்கிய சமயங்கள் உண்டு. எட்சல் எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் தம் கருத்தை விடவும் இல்லை.

போர்டின் பிடிவாதம் வேறு இடங்களிலும் தீங்கு செய்தது. அவருக்குச் சொந்தமான பத்திரிகை 1920-களில் யூதர்களைப் பற்றி அவதூறு பரப்பியது. வழக்கு வந்த பிறகு 1927-ல் மன்னிப்புக் கேட்டார். 1937-ல் தொழிற்சங்கத்தாரை அவருடைய கம்பெனியின் ஆட்கள் அடித்தார்கள். நல்ல கூலி கொடுத்தவர் என்ற புகழுக்கு அது களங்கமாயிற்று.

தாமதமாக வந்த சம்மதம்

பிளிமத் என்ற மலிவான காரில் 1928-லேயே எண்ணெய்ப் பிரேக் இருந்தது. 1936-ல் செவர்லே காரிலும் வந்துவிட்டது. போர்டு கார்களிலோ கம்பிகளே இருந்தன.

கடைசியாக 1938-ம் ஆண்டின் பிற்பகுதியில், அடுத்த ஆண்டுக்கான வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் எண்ணெய்ப் பிரேக் இருந்தது! அப்போது போர்டுக்கு 75 வயது. மகன் கேட்டது நடந்தது. ஆனால் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு நடந்தது.

அதன் பின் எட்சல் நெடுங்காலம் வாழவில்லை. வயிற்றில் புற்றுநோய் கண்டது. 1943-ம் ஆண்டு மே 26-ந் தேதி காலமானார். வயது 49. மகனைப் பறிகொடுத்த கிழவர், 80 வயதை எட்டும் நேரத்தில் மறுபடியும் கம்பெனித் தலைவரானார். அவரால் முடியவில்லை. மனைவி கிளாராவும், எட்சலின் மனைவி எலினாரும் வற்புறுத்தினார்கள். 1945-ல் எட்சலின் மூத்த மகனிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. பக்கத்தில் ஓடிய ஆற்றில் வெள்ளம். போர்டின் மாளிகையில் மின்சாரம் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் மின்சாரக் கம்பெனியின் தலைமை என்ஜினீயராக இருந்தவர், அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உயிர் நீத்தார். மனைவி கிளாரா அருகில் இருந்தார். போர்டுக்கு வயது 83.

கிழவரின் பயம் பொய்யா?

எண்ணெய் ஒழுகினால் என்ன ஆகும் என்று போர்டு பயந்தாரே, அது வீண் பயம் அல்ல. பழைய அமைப்பில் ஒரு குழாய் உடைந்தால் கால்பிரேக் முழுவதும் போய்விடக்கூடும். அதற்கும் வழி பிறந்தது. மாஸ்டர் சிலிண்டரை இரண்டு அறைகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதி பழுதானாலும் மறுபாதி இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் இது வழக்கமாகிவிட்டது.

ஆகவே கிழவரின் சந்தேகம் நல்ல சந்தேகம்தான். அந்தக் குறைக்கு மருந்து தேடியிருக்கலாம். அவரோ கதவையே சாத்திவிட்டார்.

பழைய வண்டியில் புதுப் பிரேக்

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டு பிக்கப் வண்டிகள் அமெரிக்காவில் இன்றும் ஓடுகின்றன. அவற்றைச் செல்லப்பிள்ளை போல வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் பலர். இக்காலச் சாலையில் ஓட்ட வேண்டுமானால், அவர்களில் பலர் முதலில் கை வைப்பது பிரேக்கில்தான். கம்பிகளைக் கழற்றிவிட்டு, 1939 முதல் 1948 வரை வந்த போர்டு வண்டிகளின் எண்ணெய்ப் பிரேக்கைப் பொருத்துகிறார்கள். சிறு மாறுதல்களோடு அது பழைய முன் அச்சில் பொருந்திவிடுகிறது. இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரும் வைக்கிறார்கள்.

அடுத்தது ஸ்டியரிங். பழைய ஸ்டியரிங் பெட்டியில் பற்கள் தேய்ந்திருக்கும். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வெறும் ஆட்டம்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, 1948-ல் வந்த எப்-1 என்ற போர்டு பிக்கப்பின் ஸ்டியரிங் பெட்டியைப் பலர் வைக்கிறார்கள். முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு, இவற்றின் தேய்மானத்தையும் பார்க்கிறார்கள். இவை ஆடினால், பெட்டி மட்டும் புதிதாக இருந்து பயன் இல்லை.

வேகமான என்ஜின் வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அனுபவசாலிகள் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் நிற்க வேண்டும். பிறகு நேராகப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் வேகம்.

அப்படிச் செப்பனிட்ட பிக்கப் ஒன்று சாலையில் போகிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடுகிறது. ஓட்டுபவர் மிதிக்கிறார். நான்கு சக்கரங்களும் ஒருமிக்கப் பிடிக்கின்றன. வண்டி நேராக நிற்கிறது.

வண்டி தகப்பனார் செய்தது. பிரேக், மகன் கேட்டது.