காந்திகிராமம் கண்ட சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலைச் சாரலில் அமைந்துள்ளது காந்திகிராமம். 1947ஆம் ஆண்டு அதனைத் தம் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு இணைந்து நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் பெயரை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

பேருந்துத் தொழிலில் புகழ்பெற்ற டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904இல் பிறந்தவர் அவர். இளமையிலேயே மணமுடித்து வைக்கப்பெற்றார். மருத்துவராயிருந்த கணவர் பிளேக் நோயாளர்க்குத் தொண்டாற்றி, அந்நோய்க்கே இரையானார். கைம்பெண் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. அம்மையாரோ தில்லி சென்று, லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் பயின்று, 1936இல் மருத்துவரானார். கேரளத்தவரான இராமச்சந்திரனைச் சாதி கடந்து மணக்க விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதிக்குமாறு காந்தியடிகள் பணித்தார். 1940இல் அடிகள் முன்னிலையிலேயே திருமணம் நிகழ்ந்தது.

நகரில் மருத்துவமனை நடத்திப் பொருளீட்ட அவருக்குத் தடையேதுமில்லை. எனினும், கஸ்தூரிபா அறக்கட்டளையின் பணியை ஏற்றுச் சிற்றூர்களை நோக்கி வந்தார். அங்கே அவர் கையாண்ட முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஊரில் வாழும் இளம்பெண்களையே தேர்ந்து, அவர்களைக் கிராம சேவிகைகளாகப் பயிற்றுவித்தனர். வெளியிலிருந்து வருவோர் திரும்பிச் சென்றுவிடுவர். ஊர்ப்பெண் அங்கேயே இருப்பாள் அன்றோ!

1956இல் காந்திகிராமக் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தோன்றிற்று. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு ஊர்ப்பணியும் அங்குக் கல்வியின் கூறாயிற்று. மாணவர் சிற்றூர்களில் தங்கி, வீடுதோறும் சென்று, மக்களின் தேவைகளைக் கேட்டறிந்தனர். தொடக்கத்தில் அந்நிறுவனம் வழங்கியது பட்டம் அன்று, பட்டயமே. வேலைவாய்ப்புச் சந்தையில் அதன் மதிப்பென்ன என்ற கவலை பெற்றோர்க்கு இராதா? அதனையும் மீறி வந்த இளைஞரைக் கொண்டே நிறுவனம் வளர்ந்தது. மண்வெட்டியைப் பிடித்து நிழற்படம் எடுத்துக்கொண்டு மாலையில் ஊர் திரும்பும் இன்றைய முகாம்களை எண்ணும்போது நமக்குச் சற்றே நாணம் பிறக்கிறது. ஊராரிடம் கேட்டறிய ஒரு பகற்பொழுது போதாது.

இடையே அம்மையார் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்று, நடுவணரசின் கல்வித் துணையமைச்சரானார். 1967 தேர்தலில் தோல்வியுற்றார். கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிப் பட்டங்களும் வழங்கலாயிற்று. அதனைக் கண்டபின், 1984 அக்டோபர் 21ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.