பேனா பிடித்த பேஸ்பால் தந்தை

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் எழுதுவது)



விளையாட்டில் பெரிய ஆள் என்றால் சிக்ஸர் அடித்தவர், கோல் போட்டவர், மெடல் வாங்கியவர் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நான் எழுதப்போகிறவர் அந்த வகை இல்லை. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, யார் என்ன செய்தார் என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே இருந்தவர். அதற்காகவே அமெரிக்காவில் அவரை பேஸ்பாலின் தந்தை என்று அழைத்தார்கள். பெயர் ஹென்றி சாட்விக்.

இவரை ஏன் நம் ஆண்டு மலருக்கு எடுத்தேன்? இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நாமெல்லாம் அப்சர்வேஷன் நோட்டில் டேபிள் போட்டே காலம் தள்ளுகிறவர்கள். ஒரு டேபிளுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்று இவர் வாழ்க்கை காட்டுகிறது. இரண்டாவது, செல்போனில் கிரிக்கெட் பெட்டிங் கட்டுகிற நண்பர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் தெரிந்தால் ஜெயித்துவிடலாம் என்பது அவர்கள் நினைப்பு. பேஸ்பாலுக்குப் புள்ளிவிவரத்தை வளர்த்துக் கொடுத்த மனுஷனே காலமெல்லாம் பெட்டிங்கை எதிர்த்து எழுதினார் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

பிறப்பும் குடும்பமும்

1824ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி, இங்கிலாந்தில் எக்ஸிட்டர் என்ற ஊரில் ஹென்றி பிறந்தார். அப்பா ஜேம்ஸ் சாட்விக் பத்திரிகை ஆசிரியர். அப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளை எட்வின். ஹென்றியைவிட 24 வயது பெரியவர். இந்த அண்ணன் சரித்திரத்தில் தனி இடம் பிடித்தவர். 1842இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். தொழிலாளர் குடியிருப்புகளின் சாக்கடை, தண்ணீர், சாவு எல்லாவற்றையும் கணக்கெடுத்த அறிக்கை அது. மான்செஸ்டரில் வசதியான குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 38, கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17 என்று அதில் இருந்தது. குழந்தைச் சாவுகள் அதிகம் என்பதால்தான் 17 என்று அவ்வளவு கீழே இறங்கியது. ஏழை சாவது விதி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இந்த எண்களை வைத்தார். 1848இல் இங்கிலாந்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அண்ணன் இங்கிலாந்திலேயே இருக்க, 1837இல் ஹென்றி பெற்றோருடன் அமெரிக்கா போய் நியூயார்க் பக்கத்தில் புரூக்ளினில் குடியேறினார். வளர்ந்ததும் பியானோ சொல்லிக் கொடுத்தார், பாட்டுக்கு மெட்டுப் போட்டார், பத்திரிகைகளுக்கு எழுதினார். பிறந்த ஊர்ப் பழக்கத்தில் அவருக்குப் பிடித்த ஆட்டம் கிரிக்கெட். கிரிக்கெட் செய்தி எழுதும் நிருபராகத்தான் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்தார்.

மனம் மாறிய நாள்

1856இல் ஹோபோக்கனில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடிந்து திரும்பும்போது, எலீஷியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் பேஸ்பால் நடந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தார். இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவுக்கு இந்த ஆட்டம் அப்படி வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்போது வயது 31.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மைதானத்தில் சாய்சதுரமாக நாலு மூலை, ஒவ்வொன்றுக்கும் பேஸ் என்று பெயர். பந்து வீசுபவர் பிட்சர். மட்டைக்காரர் பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸைப் பிழைத்துத் தொட்டால் அது ஹிட். நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடிக்க முடியாதபடி பிட்சர் தப்பான பந்துகளையே வீசினால் மட்டைக்காரர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர். இந்த வாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கட்டம் போட்ட கணக்கு

அதற்கு முன்னும் பத்திரிகையில் சின்ன ஸ்கோர் வரும். ஒவ்வொருவர் எத்தனை ரன், எத்தனை அவுட், அவ்வளவுதான். சாட்விக் 1859 முதல் அதை விரிவாக்கினார். யார் பந்தைப் பிடித்தார், யார் எறிந்து கொடுத்து உதவினார், யார் கோட்டை விட்டார் என்று ஃபீல்டிங்குக்கும் கட்டம் வந்தது. பாக்ஸ் ஸ்கோர் என்கிற இந்தக் கட்டத்தைப் பார்த்தால், ஆட்டத்துக்கே போகாதவன்கூட நடந்ததை மனசில் ஓட்டிப் பார்க்கலாம். ஆட்டம் நடக்கும்போதே வேகமாகக் குறிக்கச் சுருக்கெழுத்தும் ஏற்படுத்தினார். மூன்று முறை தவறவிட்டு அவுட் ஆனால் ஸ்ட்ரக் அவுட். ஸ்ட்ரக் என்ற சொல்லின் கடைசி எழுத்தான 'கே'யை அதற்கு வைத்தார். இன்றைக்கும் அமெரிக்க ஸ்டேடியங்களில் ரசிகர்கள் 'கே' எழுதிய அட்டையைத் தொங்க விடுகிறார்கள். அவர் போட்ட எழுத்துதான் அது.

1860இல் பேஸ்பால் விதிகளும் கணக்குகளும் சேர்ந்த கைப்புத்தகம் ஒன்றைத் தொகுத்தார். விலை 10 சென்ட். அப்போது ஒருவரின் திறமையைக் கிரிக்கெட் பாணியில்தான் சொன்னார்கள். மொத்த ரன்னை ஆட்டங்களால் வகுத்து ஈவு இத்தனை, மீதி இத்தனை என்று எழுதுவார்கள். தசமப் புள்ளிகூடக் கிடையாது!

போகப்போக சாட்விக்குக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ரன் என்பது தனி ஆளுக்குச் சொந்தமா? ஒருவன் அடித்து முதல் பேஸில் நிற்கிறான். அடுத்து வருபவர்கள் அடித்தால்தான் அவன் வீடு வந்து சேருவான். அப்படியானால் அவன் ரன்னில் பாதி மற்றவர்கள் தயவு. அதனால் 1860களின் கடைசியில், ரன்னைவிட ஹிட்டை எண்ணுங்கள் என்று வாதாடினார். எதிரணியின் பிழையால் வந்த ரன் வேறு, அடித்துச் சம்பாதித்த ரன் வேறு என்றும் பிரித்தார். ஹிட்டை ஆட்டங்களால் வகுக்காமல், மட்டை பிடித்த தடவைகளால் வகுக்க வேண்டும் என்று டாப்சன் என்பவர் யோசனை சொன்னபோது, சாட்விக் அதைத் தன் பக்கத்தில் போட்டு ஆதரித்தார். அதுதான் பேட்டிங் சராசரி. 10 தடவையில் 3 ஹிட் என்றால் 0.300. நூறு வருஷத்துக்கும் மேலாக மட்டைக்காரரை எடைபோட்ட தராசு இதுதான்.

சூதாட்டத்துடன் சண்டை

அந்தக் காலத்தில் மைதானத்திலேயே பகிரங்கமாகப் பந்தயம் நடக்கும். பணம் புழங்கும் இடத்தில் வேலையைக் காட்டுகிறவர்களும் வருவார்கள். 1865இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியின் மூன்று பேர் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தோற்றது அம்பலமானது. அவர்களைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் சில வருஷத்திலேயே மூவரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்!

சாட்விக் இதை விடாமல் எழுதினார். அவர் பயம் நியாயமானது. பந்தைக் கோட்டை விட்டவன் கைதவறி விட்டானா, காசுக்கு விட்டானா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் ஆட்டமே செத்துப்போகும். பாக்ஸ் ஸ்கோரில் பிழைக்குத் தனிக் கட்டம் இருந்தது. ஒரு ஆளின் பிழைகள் திடீரென்று ஏறினால் அது எல்லார் கண்ணிலும் படும்.

1877இல் லூயிவில் கிரேஸ் அணி ஆகஸ்டில் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் வரிசையாகத் தோற்றது. சந்தேகம் வந்து தந்திகளை வாங்கிப் பார்த்தபோது, வீரர்களுக்கும் சூதாடிகளுக்கும் இருந்த தொடர்பு வெளிவந்தது. நாலு பேருக்கு ஆயுள் தடை. அதில் ஒருவர் ஜிம் டெவ்லின். அந்த வருஷம் தன் அணிக்காக எல்லா ஆட்டத்திலும் தான் ஒருவரே பந்து வீசியவர். அவ்வளவு உழைப்பும் போச்சு. மன்னிப்புக் கேட்டு நடையாய் நடந்தும் தடை நீங்கவில்லை. கடைசியில் பிலடெல்பியாவில் போலீஸ்காரராக வேலை பார்த்து, 1883இல் முப்பதுகளிலேயே இறந்துபோனார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சாட்விக் நல்லதுக்குக் கொடுத்த அதே கட்டத்தைப் பந்தயக்காரனும்தான் காலையில் பேப்பரில் பார்ப்பான். யார் நல்ல ஆட்டக்காரர் என்று தெரிந்தால் யார்மேல் காசு கட்டலாம் என்றும் தெரியுமே! தெரியுமா? இங்கேதான் நம் கணக்கு வாத்தியார் பாடம் உதவுகிறது. 0.300 என்றால் மிக நல்ல மட்டைக்காரர். ஒரு நாளில் 4 தடவை மட்டை பிடிக்கிறார் என்று வையுங்கள். நாலிலும் ஹிட் இல்லாமல் போக 0.7ஐ நாலு தடவை பெருக்க வேண்டும். 0.24 வருகிறது. அதாவது நல்ல ஆட்டக்காரரே ஏறக்குறைய நாலு நாளைக்கு ஒரு நாள் வெறுங்கையோடு திரும்புவார். 600 தடவையில் உண்மை சொல்லும் எண், ஒரு நாளைக்கு ஒன்றும் உறுதி சொல்லாது. இதுக்கு மேல் புக்கியின் கமிஷன் வேறு. அமெரிக்காவில் வழக்கமாக 110 கட்டினால்தான் 100 லாபம். 100 பந்தயத்தில் சரிபாதி ஜெயித்தாலும் நஷ்டம்தான். 52.4 சதவீதத்துக்கு மேல் ஜெயித்தால்தான் கைக்காசு தப்பும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். எந்த பேட்ஸ்மேன் எந்த கிரவுண்டில் எத்தனை அடித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவ்வளவும் தெரிந்தும் பைக் போச்சு, தங்கச்சி நகை அடகுக் கடைக்குப் போச்சு. அவருக்குத் தெரிந்த எண்கள் எல்லாம் சரியானவைதான். அதை வைத்து நாளைக்கு நடப்பதைச் சொல்ல முடியும் என்று நம்பினதுதான் வினை.

கடைசி நாட்கள்

1881 முதல் ஸ்பால்டிங் கம்பெனியின் பேஸ்பால் ஆண்டுப் புத்தகத்தை சாட்விக் தொகுத்துவந்தார். அந்த ஸ்பால்டிங்குடன் வயதான காலத்தில் ஒரு நட்பான சண்டை. பேஸ்பால் ஆங்கிலேயப் பிள்ளைகளின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்பது சாட்விக் கட்சி. சுத்த அமெரிக்க ஆட்டம் என்பது ஸ்பால்டிங் கட்சி. 1905இல் கமிட்டி போட்டார்கள். 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் டபுள்டே என்ற ராணுவ வீரர் கண்டுபிடித்தார் என்று கமிட்டி முடிவு சொன்னது. அது வெறும் கட்டுக்கதை என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

1908 ஏப்ரலில், 83 வயதில், உடம்பு சரியில்லாத நிலையிலும் ஒரு ஆட்டம் பார்க்கப் போனார். குளிர் பிடித்து நிமோனியா ஆகி ஏப்ரல் 20ஆம் தேதி காலமானார். புரூக்ளினில் அவர் கல்லறைத் தூணின் உச்சியில் கல்லில் செதுக்கிய ஒரு பேஸ்பால் இருக்கிறது. 1938இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மியூசியம் இருப்பது எங்கே தெரியுமா? அதே கூப்பர்ஸ்டவுனில்!

அவர் எண்ணாமல் விட்டது

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது வாழ்த்துமடல் ஆகிவிடும். சாட்விக்கிடமும் ஒரு குறை இருந்தது. வாக் என்று சொன்னேனே, அது பிட்சரின் தப்பு, மட்டைக்காரருக்கு அதில் பங்கில்லை என்று அவர் நினைத்தார். அதனால் சராசரிக் கணக்கில் வாக்குக்கு இடமே இல்லை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 600 தடவை மட்டையோடு வந்தார்கள். முதல் ஆளுக்கு 20 வாக். மீதி 580இல் 174 ஹிட், சராசரி 0.300. இரண்டாவது ஆளுக்கு 100 வாக். மீதி 500இல் 135 ஹிட், சராசரி 0.270. பழைய கணக்கில் முதல் ஆள்தான் கெட்டிக்காரர், சம்பளமும் அவருக்குத்தான். ஆனால் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போனது யார்? முதல் ஆள் 194 தடவை, இரண்டாம் ஆள் 235 தடவை! தப்பான பந்தை அடிக்காமல் பொறுமையாக விடுவதும் ஒரு திறமை. அதற்குக் கட்டம் இல்லாததால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஆலன் ராத் என்ற புள்ளிவிவரக்காரரைச் சம்பளத்துக்கு வைத்து, வாக்கையும் சேர்த்து எண்ணச் சொன்னது. 1977இல் பில் ஜேம்ஸ் என்ற, ஃபாக்டரியில் இரவுக் காவல் வேலை பார்த்தவர், பழைய கணக்குகளைக் கேள்வி கேட்டுச் சொந்தமாகப் புத்தகம் போட்டார். வாக் சேர்ந்த கணக்கு அதிகாரபூர்வமானது 1984இல்தான். 2002இல் ஓக்லண்ட் அணி, மற்றவர்கள் மதிக்காத இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைக் குறைந்த விலைக்குத் தேடி எடுத்தது. அவர்கள் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் செலவு சுமார் 12.5 கோடி. இரண்டு அணியும் அந்த சீசனில் ஜெயித்தது அதே 103 ஆட்டம்!

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எத்தனை மூட்டை இறக்கினார் என்பது கணக்குப்பிள்ளை நோட்டில் ஏறும். சரியப்போன அட்டியைத் தோள் கொடுத்து நிறுத்தினது ஏறாது. புதுசாக வந்த பையனுக்கு முதுகு முறியாமல் தூக்கக் கற்றுக்கொடுத்தது ஏறாது. அதற்கெல்லாம் நோட்டில் கட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கட்டம் போட்ட நோட்டைக் கையில் பிடித்திருப்பவன் நான். நாளைக்கு சூப்பர்வைசராகப் போய் நாலு பேரின் வேலையை எழுத வேண்டியவர்கள் நாம்.

அதனால் நண்பர்களே, சாட்விக்கிடம் இரண்டையும் கற்றுக்கொள்வோம். ஆளின் பேச்சையும் பகட்டையும் பார்க்காமல், செய்த வேலையை நேர்மையாக எழுதுவது ஒன்று. எழுதி முடித்தபின், எந்த வேலைக்கு நாம் கட்டமே போடவில்லை என்று ஒருமுறை யோசிப்பது இன்னொன்று. அவர் கொடுத்த எண்களைப் பெட்டிங்குக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஜிம் டெவ்லின் கதை இருக்கிறது. எங்கள் தெரு அண்ணன் கதையும் இருக்கிறது.