மூன்று படிகளும் ஒரு மேதையும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். என் மதிப்பெண் சான்றிதழுக்கு மூன்று நகல் எடுத்து, மூன்று உறவினர் வீடுகளில் கொடுத்து வைத்திருக்கிறார் என் தந்தையார். அவ்வகை எச்சரிக்கைக்குக் கணித வடிவம் தந்த பேரறிஞர் ஜான் வான் நியூமன்.

1903ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு வங்கியாளரின் மகனாகப் பிறந்தார். 1926இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சென்று, அங்கே கணிப்பொறி அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அக்காலக் கணிப்பொறிகளில் ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒன்று பழுதானாலும் விடை தவறிவிடும்.

தவறு செய்யும் உறுப்புகளைக் கொண்டே நம்பத்தகுந்த பொறியை ஆக்க இயலுமா? 1952இல் கலிபோர்னியாவில் இதுபற்றி விரிவுரைகள் ஆற்றினார். ஒரே கணக்கை இரண்டு உறுப்புகள் செய்து விடைகள் முரண்பட்டால், எது மெய்யென்று தெரியாது. மூன்று செய்தால் பெரும்பான்மை தீர்ப்புச் சொல்லும். சரி, தீர்ப்புச் சொல்லும் உறுப்பே பழுதானால்? இங்கேதான் அவர் என்னை வியக்க வைத்தார். அவ்வுறுப்பையும் பலவாக்கி, ஒவ்வொரு கம்பியையும் ஒரு கற்றையாக்கினார். ஒரே கோப்பைப் பல வட்டுகளில் எழுதிக் காக்கும் மென்பொருளை இன்று அமைப்போரும், படிகள் முரண்பட்டால் எதை நம்புவது என்ற அதே கேள்வியைத்தான் சந்திக்கின்றனர்.

1955இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு அவர் எழுதிவந்த விரிவுரை பாதியில் நின்றது. 1957 பிப்ரவரி 8ஆம் நாள் மறைந்தார். அந்தப் பாதியே 1958இல் நூலாக வெளிவந்தது.