ஹோம் தியேட்டரில் பேஸ் சரியா கேட்கலையா? மிருதங்கத்தில் மணல் தூவிய சி.வி.ராமன் கதையைப் படிங்க!

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ போட்டு 5.1 ரிசீவர் வாங்கியாச்சு. ஸ்பீக்கர்களை மாட்டி, கூடவே வந்த குட்டி மைக்கை சோபாவில் வைத்து ஆட்டோ செட்டப்பும் ஓட்டியாச்சு. படம் போட்டால் சோபாவில் பேஸே இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்து சமையல்கட்டு வாசலுக்குப் போனால் அங்கே மட்டும் நெஞ்சு அதிர்கிறது.

ரிசீவர் கோளாறா? பெரும்பாலும் இல்லை. ஒரே அறைக்குள்ளேயே சத்தம் ஓரிடத்தில் எகிறும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். இந்த விளையாட்டை நூறு வருஷத்துக்கு முன்பே துரத்தித் துரத்திப் பார்த்தவர் ஒரு தமிழர். ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கிய சர் சி.வி.ராமன்தான் அவர். ஆனால் ஒளிக்குப் போவதற்கு முன், பல ஆண்டுகள் அவர் ஒலியின் ஆள்.

பகலில் ஆபீஸர், மற்ற நேரம் விஞ்ஞானி

1888 நவம்பர் 7 அன்று திருச்சி திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். முன்னோர்கள் தஞ்சைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தினர். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். மனைவி லோகசுந்தரிக்கு வீணை தெரியும். இசை அவருக்கு வீட்டிலேயே இருந்த விஷயம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்ததும், 1907-ல் கல்கத்தாவில் அரசு நிதித்துறை அதிகாரி வேலை. வயது 18 தான். கை நிறைய சம்பளம். அங்கே பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அவர் கண்ணில் பட்டது. ஆபீசுக்கு முன்பும் ஆபீஸ் முடிந்த பின்பும் அங்கேதான் இருப்பார். பெரிய கருவிகள் எதுவும் கிடையாது. அதனால் கையில் கிடைத்ததையே எடுத்துக்கொண்டார்: வயலின், வீணை, தம்புரா, ஏக்தாரா.

இப்படியே 10 வருஷம் ஓடியது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, அரசு வேலையை உதறினார். புது வேலையில் சம்பளம் ரொம்பவே கம்மி. பென்ஷனோடு நிம்மதியாக உட்கார வேண்டிய வேலையை விட்டுவிட்டு, நாள் முழுக்க ஆய்வு செய்யும் உரிமையை வாங்கிக்கொண்டார் என்றுதான் சொல்லணும்.

லண்டன் மாடத்தில் சத்தமும் மௌனமும்

1921-ல் முதல் வெளிநாட்டுப் பயணம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்துக்குள் ஒரு வட்ட மாடம் உண்டு. ஒரு பக்கம் சுவரோரம் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கம் சுவரோரம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். வளைந்த சுவரை ஒட்டியே சத்தம் ஓடுகிறது என்று ராலே பிரபு ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

ராமன் விடவில்லை. சதர்லாண்ட் என்பவரோடு சேர்ந்து அங்கேயே சோதனை செய்தார். சுவரிலிருந்து உள்பக்கம் நகர நகர சத்தம் சீராகக் குறையவில்லை. கேட்கும் பட்டை, கேட்காத பட்டை என மாறி மாறி வந்தது. ஊர் திரும்பிய பிறகு பீஜப்பூர் கோல்கும்பஸ் மாதிரியான இந்தியக் கட்டடங்களின் கிசுகிசு மாடங்களைப் பற்றியும் எழுதினார்.

சோபாவில் காணாமல்போய் சமையல்கட்டு வாசலில் கிடைத்த பேஸுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். அலைகள் சேரும் இடத்தில் சத்தம் கூடும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் அடங்கும்.

மிருதங்கத்தில் மணல்

சாதாரண மேளத்தோலில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராது. அதனால் சுருதி நிற்காமல் வெறும் இரைச்சலாகக் கேட்கும். மிருதங்கம் மட்டும் எப்படி சுருதியோடு பேசுகிறது? 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதிய ராமன், 1934-ல் விரிவான விடையோடு வந்தார். தோலின் மேல் மெல்லிசாக மணல் தூவி அடித்தார். அதிரும் இடத்திலிருந்து மணல் ஓடிப்போய், அதிராத கோடுகளில் குவிந்தது. அதைப் படம் பிடித்தார்.

ரகசியம் வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தில் இருந்தது. சோறும் கல்பொடியும் பிசைந்து, அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்த பூச்சு அது. அந்தக் கூடுதல் எடையால் தோலின் 9 விதமான அதிர்வுகள் 5 இசை ஒலிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மிருதங்கம் செய்தவர்கள் சமன்பாடு எதுவும் போடவில்லை. காதை வைத்தே அந்த எடையைக் கண்டுபிடித்திருந்தார்கள். ராமனை வியக்க வைத்ததும் அதுதான்.

சரி, உங்க ஹாலுக்கு என்ன வழி?

ஆட்டோ செட்டப்பில் ரிசீவர் முக்கியமாக மூன்று வேலை செய்கிறது.

தூரம்: சத்தம் ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். எல்லா ஸ்பீக்கர் சத்தமும் காதுக்கு ஒரே நேரத்தில் வர, பக்கத்து ஸ்பீக்கரை ரிசீவர் கொஞ்சம் தாமதப்படுத்தும்.

அளவு: ஒவ்வொரு ஸ்பீக்கரும் சம அளவில் கேட்கும்படி வைக்கும்.

ஈக்வலைசர்: அறை கூட்டிவிட்ட ஒலியைக் குறைக்கும். இங்கேதான் ஒரு சிக்கல். அறை அடக்கிவிட்ட ஒலியைக் கூட்டப் பார்த்தால், கூட்டிய சத்தமும் அதே இடத்தில் அடங்கிப்போகும். ஆம்ப்ளிஃபயருக்குத்தான் பாரம்.

4 மீட்டர் நீள ஹாலில் சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலி சரியாக நடுவில் அடங்கும், இரு முனைச் சுவரிலும் எகிறும். அதனால் சோபாவை நட்ட நடுவிலும் போடாதீங்க, சுவரோடு ஒட்டியும் போடாதீங்க. சப்வூஃபரைத் தற்காலிகமாக சோபா இடத்தில் வைத்து, பேஸ் அதிகமான ஒரு பாட்டைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்க. பேஸ் சீராகக் கேட்கும் இடம்தான் சப்வூஃபருக்கான இடம். பிறகு மின்விசிறியை நிறுத்தி, மைக்கைக் காது உயரத்தில் வைத்து, இரண்டு மூன்று இருக்கைகளில் மறுபடி அளந்தால் போதும்.

1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல், 1954-ல் பாரத ரத்னா. ஒலியில் அவர் செய்த வேலை இந்தப் புகழுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனாலும் நோபல் வாங்கி நாலு வருஷம் கழித்து, உலகமே ஒளியைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மிருதங்கத்திடம் திரும்பி வந்திருக்கிறார். 1970 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் காலமானார்.

கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் தோலைச் சுற்றிச் சுற்றித் தட்டி, காதால் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பார். ரிசீவர் அளந்து முடித்த பிறகு நீங்களும் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, ஒருமுறை காதால் சரிபார்த்துவிடுங்க.